விரட்டப்பட்டோர் எழுப்பிய வேலி

திருவரங்கத்து இளைஞர் சிலரிடம் "யூதர் என்போர் யார்?" எனக் கேட்டால், ஷேக்ஸ்பியர் நாடகத்திலே கடனுக்கு ஈடாகச் சதை கேட்ட ஷைலக்கைக் காட்டுவர், வேறு சிலர், இட்லரின் நச்சுப்புகைக் கூடங்களைக் கூறுவர். ஒன்று நாடகம் தந்த வசை. மற்றொன்று வரலாறு தந்த ஓலம். இரண்டோடு நின்றுவிடலாமா நாம்?

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கிற்று. ஐரோப்பாவில் சிதறி வாழ்ந்த யூதருக்குப் பல நாடுகளில் நிலம் வாங்கத் தடை. தொழிற்குழுக்களில் சேரத் தடை. எஞ்சியது வட்டித் தொழில். அதிலே தள்ளியவர்களே, "வட்டிக்காரன்" என்று தூற்றவும் செய்தனர்! 1492இல் ஸ்பெயின் விரட்டிற்று. இருபதாம் நூற்றாண்டிலோ, நாஜிகள் அறுபது இலட்சம் யூதரைக் கொன்று குவித்தனர். பிறப்பையே குற்றமாக்கும் கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தென்னாடு அவர்களை விரட்டவில்லை, வரவேற்றது. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் எனும் யூதத் தலைவனுக்குப் பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் கொள்ளும் உரிமையும், சுங்க விலக்கும் தந்து, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்தளித்தான். அதன் படியை 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசளித்தார். பெருமைதான்! ஆனால், பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு, தோழர்களே!

ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தேறியவர்கள் 1568இல் கொச்சி மட்டாஞ்சேரியிலே பரதேசி யூதக் கோயிலை எழுப்பினர். அங்கேயும் நுழைந்தது சாதி! 'வெள்ளை யூதர்', 'கருப்பு யூதர்' என்று பிரிவு. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்க்கோ, கோயிலிலே சம இருக்கையில்லை, மணவுறவில்லை, மாண்டபின் இடுகாட்டிலும் இடமில்லை. எகிப்தில் அடிமைத்தளை அறுந்ததை ஆண்டுதோறும் விழாவெடுத்துப் போற்றும் மக்கள், தம் வாயிலிலேயே தளை பூட்டினர். என்னே விந்தை!

அதை எதிர்த்தெழுந்தார் ஒருவர்: ஏ.பி. சேலம் (1882–1967). அந்த ஒதுக்கப்பட்ட வழியில் வந்தவர். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். கோயிலைப் புறக்கணித்தார், சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. 1924இல் வைக்கத்துத் தெருவுக்காகப் பெரியார் சிறை புகுந்தாரே, அந்த வரலாற்றைப் படிக்கும் நாம் இந்த வரலாற்றையும் படிக்க வேண்டாமா?

படித்தால் பாடம் ஒன்று விளங்கும். அடிபட்டவன் என்பதாலேயே எவனும் அறவோனாகிவிடுவதில்லை! மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், 1989 கலவரத்தையடுத்து, ஒடுக்கப்பட்டோரைப் பிரிக்க எழுந்த சுவரின் ஒரு பகுதி, 2008இல்தான் இடிக்கப்பட்டது. எழுப்பியவர் அக்கிரகாரத்தாரா? இல்லை, நம்மவர்! கருவறை வாயிலில் நம்மைத் தடுப்போர்மீது கனல் கக்குகிறோம், கக்கத்தான் வேண்டும். நம் தெருக்கோடியில் சேரி மக்களைத் தடுக்கும் கை யாருடையது? மேலே நோக்கிச் சமத்துவம் கேட்பவன் கீழே நோக்கிச் சாதி பேசினால், அவன் கேட்பது சமத்துவமன்று, பதவி உயர்வு!

திருவரங்கத்தின் ஏழு மதில்களை எண்ணத் தெரிந்த இளைஞனே! உன் வீட்டு வாயிலில் நிற்கும் எட்டாவது மதில் உன் கண்ணில் படவில்லையா? அதை இடிக்கும் கடப்பாரை உன் கையில்தான் இருக்கிறது. ஓங்கு!