கைதட்டல் கூலியாகாது

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தோம். அதே ஆண்டில் சென்னைத் தொலைக்காட்சி ஒன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். மலையகத் தோட்டமொன்றின் சிறுமியும் அதே மேடையில் பாடினாள். பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் லயங்களின் வாசல்களில் அன்று நிலவிய மகிழ்ச்சி பொய்யானதல்ல. நானும் அதில் பங்குகொண்டவனே.

ஆனால் அதன் பின்னர் ஒரு கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கின்றேன். பதுளை பஸ் நிலையத்திலோ தோட்டத்துக் கோயில் திருவிழாவிலோ என்னை அடையாளங்கண்டு அருகில் வரும் பெற்றோர், பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு, "ஐயா, ஒங்களுக்கு கொழும்புல டீவிக்காரங்க, படக்காரங்க யாரையாச்சும் தெரியுமா? புள்ள நல்லா நடிக்கும்" என்கின்றனர். பத்திரிகையாளனுக்கு எல்லோரையும் தெரியும் என்பது அவர்களது நம்பிக்கை. அவர்களுக்கு வழியில் நின்று சொல்ல முடியாத பதிலை இங்கு எழுத விரும்புகின்றேன். அதற்கு ஒரு சிறுவனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1988ஆம் ஆண்டில் மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' வெளிவந்தது. பம்பாய்த் தெருக்களில் வாழும் சிறுவர்களைப் பற்றிய அந்தப் படத்தில் தெருச் சிறுவர்களே நடித்தனர். சில வாரங்கள் பயிற்சிப் பட்டறை நடத்தி அவர்களைத் தயார்படுத்தினார்கள். தேநீர் சுமந்து விற்கும் கிருஷ்ணா என்ற முதன்மைப் பாத்திரத்தை ஏற்றவன் ஷஃபீக் சையத். பெங்களூரிலிருந்து ரயிலேறி பம்பாய்க்கு ஓடிவந்து நடைபாதையில் படுத்துறங்கியவன் அவன். 500 ரூபா சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பதே கிருஷ்ணாவின் கனவு. நடிப்பு என்று தோன்றாதவாறு அவன் நடித்திருந்தான். என் பல்கலைக்கழக நாட்களில் இப்படத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் எல்லோரும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம். தலைநகரில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளின் முகம் எனக்கு அந்தக் கிருஷ்ணாவில் தெரிந்தது.

கான் திரைப்பட விழாவில் 'கமெரா டோர்' விருதை அப்படம் பெற்றது. ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான இந்தியத் தேசிய விருது ஷஃபீக்குக்குக் கிடைத்தது. அதன் பின்னர்? 1993இல் கௌதம் கோஷின் 'பதங்' என்ற படத்தில் அவன் நடித்தான். அவ்வளவுதான். வாய்ப்புத் தேடியலைந்து சலித்துப் பெங்களூர் திரும்பினான். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தான். பிற்காலத்தில் கன்னடத் தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்புக் குழுக்களில் கமெராவுக்குப் பின்னால் வேலை செய்தான். உலகம் எழுந்து நின்று கைதட்டிய நடிகனுக்குச் சின்னத்திரையில் கிடைத்த இடம் அதுவே.

ஆட்டோ ஓட்டுவது இழிவென்று நான் கூறவில்லை. உழைத்து உண்ணும் எந்தத் தொழிலும் இழிவல்ல. கேள்வி வேறு. இதே படத்தில் சிறுவன் கிருஷ்ணா, தெருவோரத்தில் கடிதம் எழுதித் தருபவன் ஒருவனிடம் தன் தாய்க்கு ஒரு கடிதம் சொல்லுவான். அந்தச் சிறு வேடத்தில் தோன்றியவர் இர்பான் கான். 2020இல் அவர் மறைந்தபோது உலகமே அஞ்சலி செலுத்தியது. ஒரே காட்சியில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரில், முதன்மை வேடம் ஏற்றவன் ஆட்டோவுக்குப் போனான்; சில நிமிடங்கள் தோன்றியவர் ஹொலிவூட் வரை சென்றார். திறமை மட்டுமே இதற்குக் காரணமென்று சொல்ல முடியுமா? இர்பானிடம் தில்லி தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சி இருந்தது. எழுத்தும் மொழியும் இருந்தன. வாய்ப்பில்லாத ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துத் தாக்குப்பிடிக்க அந்தப் பயிற்சி கைகொடுத்தது. ஷஃபீக்கிடம் இருந்தது ஒரு முகமும் ஒரு பருவமும். பருவம் கடந்தது. முகம் மாறியது. கல்வி என்ற கைத்தடி அவனுக்கு எவராலும் கொடுக்கப்படவில்லை.

படக்குழுவினர் கைகழுவிவிட்டனர் என்று எழுதுவதும் நியாயமாகாது. அப்படத்தின் வழியாகவே 1988இல் 'சலாம் பாலக்' அறக்கட்டளை உருவானது. தில்லியிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான தெருச் சிறுவர்களுக்கு அது நிழல் தந்துள்ளது. நல்லெண்ணம் அங்கு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒரு நிறுவனத்தை உண்டாக்கலாம். குறித்த ஒரு பிள்ளைக்கு உரிய கடனை அது தானாகத் தீர்த்துவிடாது. கடன் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து 'ஸ்லம்டோக் மில்லியனர்' 2009இல் எட்டு ஒஸ்கார் விருதுகளை அள்ளியபோது, அதில் நடித்த மும்பைச் சேரிச் சிறுவர் இருவரின் நிலையை உலகப் பத்திரிகைகள் கேள்விக்குள்ளாக்கின. அவர்களுக்காக அமைக்கப்பட்ட நிதியம் வீட்டுக்கும் படிப்புக்கும் வழிசெய்தது. பள்ளிப் படிப்பை முடித்து 18 வயதை எட்டிய பின்னரே சேமிப்புத் தொகை கைக்கு வரும் என்றும் விதித்தது. ஷஃபீக்கின் கதையிலிருந்து ஏதோ ஒரு பாடம் கற்கப்பட்டிருந்தது.

கமல்ஹாசன் இல்லையா, ஸ்ரீதேவி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் தோன்றிய சிறுவனும், 1967இல் 'கந்தன் கருணை'யில் முருகனாக வந்த சிறுமியும் இந்தியத் திரையின் உச்சிக்குச் சென்றவர்கள்தாம். ஆயினும் அவர்களது பாதையையும் பார்க்க வேண்டும். சிறுவனாக நடிப்பது நின்ற பின்னர் கமல்ஹாசன் ரி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றார். நடன உதவியாளராகக் கால் தேய்த்தார். அந்த இடைக்காலத்தைத் தாங்கிக்கொள்ளக் குடும்பம் இருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இடைக்காலத்தை யார் தாங்குவார்கள்? மாதச் சம்பளத்தில் கடைக் கடனைக் கழித்தால் மிஞ்சுவது என்னவென்று நமக்குத் தெரியும்.

இதை வறுமையின் கதை என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. 1921இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், மில்லியன் கணக்கான டொலர்களை ஈட்டிய சிறுவன். வளர்ந்து தன் பணத்தைக் கேட்டபோது பெரும்பகுதி கரைந்திருந்தது. 1938இல் தன் தாய்மீதும் சிறிய தகப்பன்மீதும் வழக்குத் தொடுத்தான். கிடைத்தது ஏறத்தாழ 126,000 டொலர். அந்த அவலத்தின் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் பிறந்ததே 'கூகன் சட்டம்'. இன்று அதன்படி சிறுவர் கலைஞரின் ஊதியத்தில் 15 சதவீதம் தனிக் கணக்கில் வைக்கப்படல் வேண்டும். கூகன் 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபெமிலி' என்ற தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத் தலையுடன் தோன்றிச் சிரிக்கவைத்தார். தனக்குக் கிட்டாததைப் பின்வந்த பிள்ளைகளுக்குப் பெற்றுத் தந்தவர் அவர்.

இந்தியாவில் 2016இல் சிறுவர் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வந்தன. நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் சிறுவரை நடிக்கவைக்கக் கூடாது. ஓய்வின்றி 3 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களைத் தாண்டக் கூடாது. மாவட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். பள்ளிப் படிப்பு தடைப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசிய வங்கியொன்றில் நிலையான வைப்பாக இடப்பட்டு, வயது வந்ததும் அவரிடமே வழங்கப்பட வேண்டும்.

20 சதவீதம் என்ற கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8, தொழில் வழங்குநர் 12 என இருவரும் செலுத்துவது 20 சதவீதமே. பேர் போட்டால் சேமலாப நிதி உண்டு என்பது கொழுந்து எடுக்கும் தாய்க்கும் தெரியும். பிள்ளை கமெரா முன்னால் நிற்கும்போது மட்டும் அதே தாய் அதை வேலையென்று எண்ணுவதில்லை. அதிர்ஷ்டம் என்று எண்ணுகிறாள். இங்குதான் நாம் ஏமாறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதித் தோட்டமொன்றுக்குப் பாடல் காட்சி எடுக்க ஒரு குழுவினர் வந்தனர். பள்ளி நாளொன்றில் காலை முதல் மாலை மங்கும்வரை பிள்ளைகள் தேயிலை மலையில் மேலும் கீழுமாக ஓடினர். முடிவில் ஆளுக்கொரு பிஸ்கட் பக்கற்றும் சோடாவும் கொடுக்கப்பட்டன. பெற்றோர் எவரும் முறையிடவில்லை. பிள்ளை திரையில் தெரியுமென்று காத்திருந்தனர். பிரட்டுக்களத்தில் அரைப்பேர் வெட்டப்பட்டால் தொழிற்சங்கத்திடம் ஓடும் நாம், பிள்ளையின் முழுப்பேரும் வெட்டப்பட்டபோது கைதட்டிக்கொண்டிருந்தோம்.

தோட்டங்களில் சிறுவர் உழைப்புக்கு ஒரு காலத்தில் விலையே குறித்து வைத்திருந்தார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆண், பெண், சிறுவர் என மூன்று கூலி விகிதங்கள் வகுக்கப்பட்டன. அந்தப் பட்டியலிலிருந்து நம் பிள்ளைகளை வெளியே எடுத்துப் பள்ளிக்கூடத்தில் அமர்த்த எத்தனை தலைமுறை தேவைப்பட்டது! 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில்தான் கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மரணமாகி நாட்டை உலுக்கினாள். வீட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பாதே என்று இன்று துணிந்து கூறுகிறோம். படப்பிடிப்புக்கு அனுப்புவதாயின் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் அதே துணிவோடு சொல்ல வேண்டாமா?

பிள்ளைகள் நடிக்கவே கூடாது என்பது எனது வாதமன்று. மலையகத்துக்குத் திரைக்கலை அந்நியமுமல்ல. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் 'புதிய காற்று' என்ற படத்தை 1975இலேயே நமக்குத் தந்தவர். நம் கதைகள் திரைக்கு வரவேண்டும். அவற்றில் நம் பிள்ளைகளே தோன்றவேண்டும். ஆனால் பெற்றோர் நான்கு விடயங்களைக் கேட்டே ஆகவேண்டும். ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டதா? எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள்? தவறிய பாடங்களுக்கு யார் பொறுப்பு? பிள்ளையின் பெயரில் வங்கியில் எவ்வளவு இடப்படும்? இவற்றைக் கேட்டதும் முகஞ்சுழித்து எழுந்து போகும் தயாரிப்பாளர் போகட்டும். அவர் போவதால் பிள்ளைக்கு நட்டமில்லை.

தொழிற்சங்கங்களும் மலையகப் பாராளுமன்றப் பிரதிநிதிகளும் பாராட்டு விழா மேடையில் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடலாகாது. சிறுவர் கலைஞரின் ஊதியத்தில் ஒரு பகுதி கட்டாயமாக வைப்பிடப்படுவதையும், படப்பிடிப்புத் தளத்துக்குக் கண்காணிப்பு செல்வதையும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடமும் தொழில் திணைக்களத்திடமும் அவர்கள் வலியுறுத்த வேண்டும். பொன்னாடை ஒரு மழைக்காலத்துக்குள் பழசாகிவிடும். வங்கிப் புத்தகம் அப்படியல்ல. பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பதினோராண்டும் அப்படியல்ல.