அங்கவை, சங்கவை முகத்தில் கரி பூசியவர்கள்!



2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான 'சிவாஜி' படம் உங்களுக்கு நினைவிருக்கும். பார்க்காதவர்களுக்கும் டீக்கடையில் யாராவது காட்சி காட்சியாகச் சொல்லியிருப்பார்கள். அதில் பக்கத்து வீட்டுக்காரராக வரும் சாலமன் பாப்பையா, தன் இரண்டு மகள்களைக் கதாநாயகனுக்குக் காட்டுவார். அந்த இரு பெண்களின் முகத்திலும் கரியைப் பூசி நிறுத்தியிருந்தார்கள். அவர்களைக் கண்டு கதாநாயகன் மிரள்வார். தியேட்டர் கைதட்டியது. அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அங்கவை, சங்கவை!

பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளலின் மகளிருக்குத் தமிழர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பெயர்கள் அவை. தந்தையை இழந்த அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு சிற்றரசன் வாசலிலும் நின்றார் கபிலர். தமிழில் படித்தால் கண் கலங்கும் இடம் அது. அந்தப் பெயர்களைக் கறுப்புச் சாயம் பூசிய இரண்டு பெண்களுக்குச் சூட்டி, சிரிக்கச் சொன்னார்கள். சரி, கதாநாயகிக்கு என்ன பெயர்? தமிழ்ச்செல்வி! அந்தத் தமிழ்ச்செல்வியாக நடித்தவர் வட இந்தியாவிலிருந்து வந்த ஸ்ரேயா. தமிழ்ச்செல்வி என்றால் வெள்ளை, பாரி மகள் என்றால் கேலி. இதைவிடத் தெளிவாக நம்மை யாரும் அவமதித்துவிட முடியாது.

அது மட்டுமா? மாப்பிள்ளை கறுப்பு என்பதும் அதே படத்தில் ஒரு பேச்சு. அதற்காக அவர் முகத்தில் எதையெதையோ அப்பிக்கொள்வார். பிறகு ஒரு பாட்டில் வெள்ளைக்காரராகவே தோன்றுவார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் வழியாக அவர் உடலில் ஏற்றினார்கள். கறுப்பு நிறத்தோடு கோடிக்கணக்கானவர்களின் அபிமானத்தைப் பெற்றவர் ரஜினிகாந்த். அவரையே வெளுத்துக் காட்டினால்தான் அழகு என்று சொன்ன துணிச்சலை என்னென்பது!

கறுத்த ஆண் இங்கே நாயகனாகலாம். ரஜினி ஆனார், விஜயகாந்த் ஆனார், முரளி ஆனார். கறுத்த பெண்? சரிதாவைப் போல் ஒருவர் எப்போதாவது வந்தார். 'காக்கா முட்டை'யில் ஐஸ்வர்யா ராஜேஷ் வந்தபோது, அதுவும் சேரியில் வாழும் தாய் வேடத்தில்தான் அவரை ஏற்றுக்கொண்டோம். மற்றபடி மும்பையிலிருந்து இறக்குமதி. அதுவும் போதாமல் இங்கிலாந்திலிருந்தே எமி ஜாக்சனைக் கொண்டுவந்து 'தெறி'யில் கேரளத்து டீச்சர் ஆக்கினார்கள். கேரளத்தில் டீச்சருக்கா பஞ்சம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது காவாந்தண்டலம். அந்தப் பக்கத்துக் கழனிகளில் விடியற்காலையிலிருந்து குனிந்து நாற்று நடும் ஒரு பெண்ணின் தோல் என்ன நிறத்தில் இருக்கும்? வெயில் நம் மண்ணுக்குக் கொடுத்த நிறம் அது. சூரியக் கதிர் உடலைக் கெடுக்காமல் காப்பதற்காகத் தோலில் ஊறும் மெலனின் என்ற நிறமி அது. இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது கூடுதலாக இருப்பது இயற்கை. அந்தப் பெண் மாலையில் வீடு திரும்பி டி.வி. முன்னால் உட்காருகிறாள். அவளைப் போன்ற முகம் எந்த இடத்தில் வருகிறது? வேலைக்காரியாக வரும், இல்லையென்றால் பேயாக வரும். விளம்பர இடைவேளையில் வரும் முகமோ அவள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லாதது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட்டில் அந்த முகத்தைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

அழகிகளை உருவாக்கியது யார்?

1991-இல் இந்தியச் சந்தையின் கதவு அகலத் திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1994-இல், சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி ஆனார், ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனார். 1997-இல் டயானா ஹைடன், 1999-இல் யுக்தா முகி, 2000-இல் பிரியங்கா சோப்ராவும் லாரா தத்தாவும்! அதற்கு முன் 1966-இல் ரீட்டா ஃபாரியா ஒருவர் மட்டுமே உலக அழகி ஆகியிருந்தார். இந்தியப் பெண்கள் திடீரென்று ஆறே ஆண்டில் அழகாகிவிட்டார்களா? அழகுசாதனக் கம்பெனிகளுக்கு ஒரு புதுச் சந்தை கிடைத்ததும், அந்தச் சந்தைக்கு முகங்கள் தேவைப்பட்டன. இதுதான் விபரம்.

1996 நவம்பரில் அமிதாப் பச்சனின் கம்பெனி பெங்களூரில் உலக அழகிப் போட்டியை நடத்தியது. எதிர்ப்பு வலுத்தது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்தே இறந்துபோனார். நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது எழுந்த கூச்சலில் பெரும்பகுதி ஆடையைப் பற்றியது, கலாச்சாரத்தைப் பற்றியது. மேடையில் ஏறத் தகுதியான தோல் எது என்று முடிவு செய்யும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் காணாமல் போனது. அதே போட்டி 2024-இல் மும்பைக்கு வந்தது, 2025-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. ஹைதராபாத்தில் அரசாங்கமே வரவேற்பு கொடுத்தது.

இந்தப் போட்டியின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். லண்டனில் 1951-இல் தொடங்கியது. கறுப்பினப் பெண்ணொருவர் முடி சூட 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கிரெனடாவின் ஜெனிபர் ஹோஸ்டன். அந்த ஆண்டு நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்கா இரண்டு பேரை அனுப்பியது. வெள்ளைப் பெண்ணுக்கு 'மிஸ் தென்னாப்பிரிக்கா' என்று நாட்டின் பெயர். பேர்ல் ஜான்சன் என்ற கறுப்புப் பெண்ணுக்கோ, வார்த்தையைத் திருப்பிப் போட்டு, 'மிஸ் ஆப்பிரிக்கா சவுத்'! நாட்டின் பெயரைச் சுமக்கக்கூட கறுப்புத் தோலுக்கு அனுமதி இல்லை. அந்தப் பேர்ல் ஜான்சன் இரண்டாம் இடம் பெற்றார்.

'இப்போது கறுப்பினப் பெண்களும் வெல்கிறார்களே' என்பார்கள். உண்மைதான். 2019-இல் தென்னாப்பிரிக்காவின் ஸோஸிபினி டுன்ஸி பிரபஞ்ச அழகி ஆனார், ஜமைக்காவின் டோனி ஆன் சிங் உலக அழகி ஆனார். அதே 2019-இல் இந்திய அழகிப் போட்டியின் இறுதிக்கு வந்த முப்பது பேரின் படங்களை ஒரு பத்திரிகை வரிசையாக அச்சிட்டது. முப்பதும் ஒரே நிறம்! ஒரே பெண்ணை முப்பது முறை அச்சடித்தார்களோ என்று ஊரே சிரித்தது. ஆப்பிரிக்கா தன் நிறத்தோடு மேடையேறிவிட்டது. இந்தியா இன்னும் பவுடர் டப்பாவுக்குள் கிடக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் 2019-இல் கறுப்பழகிகளுக்கென்று தனிப் போட்டி நடந்தது. 2025 ஜூலையில் 26 வயதில் மறைந்த புதுச்சேரி சான் ரேச்சல் அதில்தான் பட்டம் பெற்றார். நிறத்தைக் காட்டி ஒதுக்குவதை எதிர்த்துத் துணிந்து பேசிய பெண் அவர். பிறகு 2021-இல் பொதுப் போட்டியிலேயே மிஸ் புதுச்சேரி ஆனார். பாராட்டலாம். ஆனால் கறுத்தவர்களுக்குத் தனி வரிசை என்பது 1970-இன் தென்னாப்பிரிக்க ஏற்பாட்டையல்லவா நினைவூட்டுகிறது?

சங்க காலத் தமிழன் பெண்ணின் மாமை நிறத்தைப் புகழ்ந்தான். மாந்தளிரின் மினுமினுப்புள்ள கருமை அது. பெண்ணின் மேனி வெளுப்பதை அவன் பசலை என்றான். பிரிவுத் துயரால் வரும் வாட்டம் அது. அன்று நோயின் அடையாளம், இன்று டியூபில் விற்பனை!

நம் வீட்டுக் கதை

சினிமாக்காரனையும் கம்பெனிக்காரனையும் மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. 1919-இல் 'ஆப்கான் ஸ்னோ' என்ற முகக் கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பம்பாயின் இப்ராஹிம் சுல்தானலி பட்டன்வாலா, நம் சமுதாய வியாபாரி. 1975-இல் ஹிந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை இறக்கியது. 1998-இல் 'ஃபேர்எவர்' கொண்டுவந்த கெவின்கேர் கடலூரில் பிறந்த கம்பெனி. பன்னாட்டுக்காரன், உள்ளூர்க்காரன் எல்லோரும் இந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான். உலகம் முழுவதும் எதிர்ப்பு வந்தபோது, 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்றார்கள். பெயர் மட்டும் மாறியது, கடையில் அது வைக்கப்படும் தட்டு மாறவில்லை.

பெண் பார்க்கப் போகும் நம் வீடுகளில் முதல் கேள்வி என்ன? 'பொண்ணு கலரா இருக்குமா?' மார்க்கம் தெரியுமா, படித்திருக்கிறாளா என்பதெல்லாம் பிறகு. மாநிறம் என்றால் முகம் சுளிப்பு. கறுப்பு என்றால் நகை கூடும். மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டியவன், பெண்ணின் நிறத்துக்கு அபராதம் வாங்குகிறான்! சவூதியிலும் துபாயிலும் வெயிலில் வெந்து கறுத்துத் திரும்பும் இளைஞனுக்கும் சிவப்பான பெண்தான் வேண்டுமாம். இளைஞர்களே, உங்களைப் பெற்ற தாயின் நிறம் என்ன?

கறுப்பு அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களைத்தான் பாங்கு சொல்ல நிறுத்தினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று கடிந்துகொண்டார்கள். மேடையில் இதைப் பேசும் நாமே பெண் பார்க்கும் கூடத்தில் மறந்துவிடுகிறோம்.

ஷாதி டாட் காம்கூட 2020-இல், வெளிநாடுவாழ் இந்தியப் பெண்கள் எதிர்த்ததும், நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கிவிட்டது. நம் திருமணத் தகவல் படிவங்கள் சிலவற்றில் 'நிறம்' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது, அதுவும் பெண்ணின் படிவத்தில் மட்டும்.

வியாபாரிகளுக்கு

ஃபேன்சி ஸ்டோர், மருந்துக்கடை, ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்கு அபூர்வமான சிறுநீரக நோய் வருவதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 2023-இல் அந்தச் செய்தி வெளிவந்தது. காரணம் கிரீமில் இருந்த பாதரசம். தோலில் நிறமி ஊறுவதை அது தடுக்கும், அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் சல்லடையைச் சிதைக்கும். புரதம் சிறுநீரில் ஒழுகும், கால் வீங்கும்.

இன்னொரு வகை ஸ்டீராய்டு கலந்த கிரீம். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், முகத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். இதனால்தான் மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் பல மருந்துக்கடைகளில் 'சிவப்பாகும் க்ரீம்' என்று கேட்டால் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகிறது.

தயாரித்தவன் முகவரி இல்லாத டப்பா, சேர்மானம் எழுதாத டப்பா, இறக்குமதிப் பதிவு எண் இல்லாத வெளிநாட்டு டப்பா ஆகியவற்றைக் கடையில் ஏற்றாதீர்கள். வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் பையில் வந்ததானாலும் சரி. பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதுதான் வரும். உங்களிடம் அந்தக் கிரீமை வாங்கிப் போகிறவள் அடுத்த தெரு சகோதரியின் மகள்தான், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்கு இருபது நாள் முன்னதாக.