குடத்துக்குள் யார் பெயர்?

தஞ்சைப் பக்கம் எந்தப் பட்டிமன்றத்துக்குப் போனாலும் ஒரு வசனம் தப்பாமல் வந்துவிடும்: "உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவன் சோழன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே மக்களாட்சி நடந்தது." பள்ளிப் பேச்சுப் போட்டி முதல் தேர்தல் பிரசாரம் வரை இதே பெருமைதான். இதில் பாதிகூட உண்மை இல்லை.

இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்தார்கள். தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒரு சிறுவன் கையை விட்டு எடுத்தான். அப்படி வந்தவர்களில் ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இதில் வாக்கு எங்கே இருக்கிறது?

குலுக்கல் மட்டமான முறை அல்ல. பழைய ஏதென்சும் பெரும்பாலான பதவிகளைக் குலுக்கித்தான் நிரப்பியது. குடத்துக்குள் யார் பெயர் போனது என்பதுதான் கேள்வி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலச் சபை. பெண்ணுக்கு இடமில்லை, ஏரி வெட்டியவனுக்கும் இல்லை. நம் பெரிய கோயில் கல்வெட்டுகளையே பாருங்கள்: ஊர்களின் வரியில்லா நிலப் பட்டியலில் குளம், சுடுகாடு, வாய்க்காலோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. நெல் விளைவித்தவர்கள் கல்லில் ஏறிய இடம் அது.

"அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்று கேட்பார்கள். கூடாதுதான். ஆனால் அதற்கு மக்களாட்சி என்று பெயர் சூட்டி அளக்கத் தொடங்கியவர்கள் அவர்களே.

இந்தப் பெருமையால் கேடும் உண்டு. மக்களாட்சி மண்ணோடு பிறந்தது என்று நம்புகிறவர், அது பறிபோகும்போது பதறுவதில்லை. தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சி ஆனது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்தது. 51 வார்டுகளுக்கும் மக்கள் வாக்களிக்க 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுக்கும் மேலாக அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். சாக்கடை அடைத்தால் வாசலில் போய்ச் சத்தம் போட ஒரு கவுன்சிலர் இல்லை. 2025 ஜனவரியில் டெல்டா ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் அங்கேயும் தனி அலுவலர்களே வந்தார்கள். மன்றத்தின் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது அரசியலமைப்பு. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு, மன்றத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் எல்லாம் சுதந்திர இந்தியாவின் சட்டங்கள் தந்தவை. எந்த மன்னனும் தந்தவை அல்ல.

உத்திரமேரூரில் கற்க வேண்டியது இருக்கிறது. அதை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை. வாரியத்தின் ஆயுள் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவர் பெயர் குடத்தில் ஏறாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் ஏறாது. அவருடைய உறவினர் பெயரும் ஏறாது. சோழர் பெருமை பேசுகிறவர்கள் இரண்டே கோரிக்கை வைக்கட்டும்: உள்ளாட்சித் தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும், கணக்கை ஊரறியக் காட்டாதவருக்கு மறுமுறை வேட்புமனு கிடையாது. அந்தக் கோரிக்கையோடு வருகிறவரின் சோழப் பெருமையை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.