மோட்டார் சுட்டா மோட்டார் மேலயா தப்பு?

போன மே மாசம், நல்ல கத்திரி வெயில். சென்னையில இருக்கிற அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, மத்தியானம் ஆனா ஏசி வேலை செய்யல. வெளிய மாட்டியிருக்கிற பெட்டியில ஃபேன் நின்னு போகுது. மோட்டார் கொதிக்குதுன்னு மெக்கானிக் சொல்றாரு. சாயங்காலம் தானா ஓடுது. பத்து நாள் முன்னாடிதான் புது மோட்டார் போட்டோம்."

எங்க வீட்ல ஏசி கிடையாது, புளியமரம்தான். ஆனா சூடேறி நிக்கிற மோட்டார் பத்தி என்கிட்ட தாராளமா கேட்கலாம். காசு கொட்டிக் கத்துக்கிட்ட பாடம் அது.

ஒகேனக்கல்னா உங்களுக்குப் பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல். காவிரி இங்க பாறைப் பள்ளத்துல இறங்கி மேட்டூருக்குப் போயிடுது. மேட்டுக்காட்டுல இருக்கிற எங்களுக்குக் கிணறும் போரும்தான். ஆத்துச் சத்தம் காதுல கேட்கும், தண்ணிக்கு மோட்டார் போடணும். கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை, புகையும் கல்தான் ஒகேனக்கல். எங்க காட்டுல கல்லோட மோட்டாரும் புகைஞ்சுது.

கிணத்துல 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். ஒரே வருசத்துல ரெண்டு தடவை காயில் எரிஞ்சு போச்சு. ரெண்டாவது தடவை நிலக்கடலை காய் பிடிக்கிற நேரம். காயில் கட்டி வர ஆறு நாள் ஆச்சு. நாலாயிரத்து ஐநூறு ரூபா கூலிகூடப் பெரிசில்ல. அந்த ஆறு நாள்ல காட்டுல போன காய்தான் பெரிசு.

மூணாவது தடவை வேற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்ல. "எதனால போச்சு?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. "அப்ப இதைக் கட்டிக் கொடுத்து என்ன பிரயோஜனம், வாங்க கிணத்துக்குப் போலாம்"னு வண்டியில ஏறிட்டார்.

வந்து பார்த்தா எல்லாமே என் வேலைதான். மழை படக்கூடாதுன்னு மோட்டார் மேல சாக்கு போர்த்தியிருந்தேன். பின்னாடி ஃபேன் மூடியில குளவி மண்கூடு கட்டி ஓட்டை பாதி அடைஞ்சிருந்தது. அந்த ஃபேன் காத்து இழுத்தாத்தான் மோட்டார் உடம்பு ஆறும். நான் மூக்கைப் பொத்தி வச்சிருக்கேன்.

அடுத்து ஸ்டார்ட்டர். ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு 8 ஆம்பியர்ல இருந்ததைத் திருகி 12-ல வச்சது நானேதான். வயித்து வலின்னு அழுற பிள்ளை வாயைப் பொத்துற மாதிரி.

கடைசியா வோல்டேஜ். 415 இருக்க வேண்டிய இடத்துல மீட்டர் 340 காட்டுச்சு. வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கால் பங்கு கூடினா காயில்ல சூடு கால் பங்கு இல்ல, ஒன்றரை மடங்கு ஏறும். பத்து டிகிரி சூடு கூடினா காயிலோட ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. மூணு பேஸ்ல ஒண்ணு போய் ரெண்டுல ஓடினா இன்னும் மோசம். அந்த ரெண்டு பேஸ் கரண்ட்லயும் கண்டென்சர் போட்டு ஓட்டுற பழக்கம் எங்க ஆளுங்ககிட்ட உண்டு, என்கிட்டயும் இருந்தது.

வோல்டேஜ் ஏன் குறையுது? மும்முனை கரண்ட் வந்த நிமிசமே டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற எல்லாரும் ஒண்ணா ஸ்விட்ச் போடுறோம். போர் ஆழம் போகப் போக, 5-க்கு சர்வீஸ் வாங்கிட்டு ஏழரை மாட்டுறோம். பக்கத்துக் காட்டுக்காரனோட பெரிய மோட்டார் என் காயிலை எரிக்குது, என்னுது அவனோடதை எரிக்குது.

"விவசாயிக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே"ன்னு நகரத்து நண்பர்கள் சொல்வாங்க. உண்மைதான். 1984-ல சிறு விவசாயிகளுக்கு, 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாச்சு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாட்டி எங்கள்ல பாதிப் பேர் காட்டை வித்திருப்போம். ஆனா இலவச கரண்ட் காயில் கட்டிக் கொடுக்காது. அந்தக் காலத்துல ஏரித் தண்ணிக்கு முறை இருந்தது. இன்னிக்கு உன் காடு, நாளைக்கு என் காடு. கரண்டுக்கும் அதே முறை வேணும்ங்கிறதுதான் என் கருத்து. நாங்க நாலு பேர் பேசி, ரெண்டு பேர் முன்னேரம், ரெண்டு பேர் பின்னேரம்னு ஓட்டுறோம். மத்தவங்க இன்னும் சேரல. ஆனாலும் மீட்டர் இப்ப 370-ஐத் தொடுது. ரிலேவைத் திரும்ப 8-ல வச்சாச்சு, சாக்கு மாட்டுத் தொழுவத்துக்குப் போயிடுச்சு. ரெண்டு வருசமா காயில் போகல.

அக்கா மகன்கிட்டயும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். "மாப்ள, பழைய மோட்டார் எதனால போச்சுன்னு அவர் சொன்னாரா?" சொல்லல. பால்கனியில அழகுக்காகப் பெட்டியைச் சுத்திப் பலகை அடிச்சிருக்கான். ஏசியும் ஒரு பம்ப்தான், தண்ணிக்குப் பதிலா வீட்டுச் சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. குளிர் நாட்டுல இதையே திருப்பி ஓட்டி வீட்டைச் சூடு பண்ணி, ஹீட் பம்ப்னு சொல்றாங்க. வெளிய தள்ளின சூடு பலகைக்குள்ளயே சுத்தினா ஃபேன் மோட்டார் வெந்துதான் போகும். உள்ள இருக்கிற பாதுகாப்பு மோட்டாரை நிறுத்தும், ஆறினதும் திரும்ப விடும். அதனாலதான் சாயங்காலம் தானா ஓடுது.

பலகையைக் கழட்டச் சொன்னேன். அப்புறம் மெக்கானிக்கை விட்டே, கரண்டை முழுசா நிறுத்திட்டு, ஃபேன் கையில லேசா சுத்துதா, கண்டென்சர் அது மேல எழுதியிருக்கிற அளவைக் காட்டுதான்னு பார்க்கச் சொன்னேன். நீங்களா கை வைக்காதீங்க, கரண்டை நிறுத்தினாலும் கண்டென்சர் அடிக்கும். அளவு பாதிக்கு மேல இறங்கியிருந்தது. புது மோட்டார் போட்டவர் பழைய கண்டென்சரையே விட்டுட்டுப் போயிருக்கார். மாத்தினது சில நூறு ரூபா.

அடுத்த தடவை யாராவது "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்"னு சொன்னா, எதனால போச்சுன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் காசை எடுக்காதீங்க.