‘குணப்படுத்தும்’ என்னும் வினைமுற்று

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் பத்திரிகைத் துண்டொன்றுடன் இல்லந் தேடி வந்தார். அவருடைய தந்தையார் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்று வருபவர். “ஐயா, இந்த மருந்து வரும்வரை இப்போதைய வைத்தியத்தை நிறுத்திவைக்கலாமோ என்று அப்பா கேட்கிறார்” என்றார். ‘நனோத் துணிக்கை புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்பது தலைப்பு. இறுதிப் பந்தியிலேதான் ‘எலி’ என்னும் சொல் கிடந்தது.

யான் வைத்தியனல்லேன், இலக்கணங் கற்பிப்பவன். ஆயினும் இங்கு நேர்ந்த பிழை இலக்கணத்தின்பாற் பட்டதாதலின் எழுதத் துணிந்தேன்.

செய்தியின் கரு பொய்யன்று. புற்றுக் கலங்களைத் தாக்கும் ஆற்றல் உடலின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு உண்டு. ஆனால், அக்கலங்கள் அவ்வுடலிலேயே பிறந்தனவாதலின், பகையென அறியப்படாது தப்பிவிடுகின்றன. அத்தொகுதியைத் தூண்டியெழுப்பும் எண்ணமும் பழையதே. நியூயோர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் வில்லியம் கோலி என்பார் 1891 இலேயே நோயாளி ஒருவரின் கழலையிற் பற்றீரியாவை ஏற்றி, அது சுருங்கக் கண்டார். நிர்ப்பீடனக் கலங்களைக் கட்டுப்படுத்தும் தடைகளை நீக்கும் வழி கண்டமைக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழிப்பட்ட மருந்துக்குச் சுவாசப்பைப் புற்றுநோயின் பொருட்டு ஐக்கிய அமெரிக்கா 2015 இல் அனுமதி அளித்தது. அது சிலருக்கு நெடுநாட் பயன் தந்தது; பலருக்குத் தரவில்லை.

அப்பலரை எண்ணியே நனோத் துணிக்கை ஆராயப்படுகின்றது. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். இத்துணிக்கைகள் பல 100 நனோமீற்றரளவின. தூண்டுமருந்தைத் தனியே ஏற்றின் அது உடலெங்கும் பரவிக் காய்ச்சலையும் அழற்சியையும் விளைக்கக்கூடும். கொழுப்பாலாய நுண்ணுறையில் இட்டு அனுப்பின், வேண்டிய கலங்களையே பெரிதும் சென்றடையும் என்பது ஆய்வாளர் கருத்து. 2019 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அத்தகைய துணிக்கைகளை எலிகளுக்கு மூச்சுவழி செலுத்திக் கதிர்ச் சிகிச்சையும் அளித்தபோது, சுவாசப்பையிற் பரவிய கழலைகள் ஒடுங்கின. மனிதரிடத்தோ, புற்றுக் கலத்தின் அடையாளங்களை நிர்ப்பீடனத்துக்கு அறிவிக்கும் ஆர்.என்.ஏ. மருந்தொன்று, கொழுப்புத் துணிக்கைகளிற் பொதியப்பட்டு, முதற்கட்டச் சோதனையாக 2024 இல் இலண்டனில் நோயாளி ஒருவருக்கு ஏற்றப்பட்டது.

நிற்க. ‘குணப்படுத்தும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. எதிர்காலத்தைக் காட்டுவதோடு, ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’ என்றாற்போல முக்காலத்தும் மாறா இயற்கையையும் அவ்வடிவமே உணர்த்தும். தலைப்பெழுதியவர் ‘என்றோ ஒருநாள் குணப்படுத்தக்கூடும்’ என்று கருதினார் போலும். நோயுற்றவரோ அதனை ஞாயிறு இயங்குவதுபோன்ற உறுதியாகக் கொண்டார். எலியின் கழலை பெரும்பாலும் ஆய்வாளராற் சில வாரங்களில் வளர்க்கப்படுவது. மனிதனுடையதோ பல்லாண்டு மறைந்து வளர்வது. ஒன்றில் நிகழ்ந்தது மற்றதில் நிகழுமென்பதற்கு உறுதியில்லை.

தலைப்புக்கு இடம் சிறிது என்பர் பத்திரிகையாளர். ‘எலிகளிற் கழலை ஒடுங்கியது’ என்பதற்கு எத்துணை இடம் வேண்டும்? இறந்தகாலமும் இடமும் காட்டப்பட்டன, பொய் புகவில்லை. நோயாளியின் நம்பிக்கையைக் குலைத்தல் ஆகாதென்பர் வேறு சிலர். 2022 இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 18 இலட்சம் பேரைக் கொன்ற நோய் இது. இந்நோயாளருக்கு நம்பிக்கை வேண்டும் என்பதை யானும் உடன்படுகின்றேன். ஆயினும், இல்லாத மருந்தை நம்பி உள்ள மருந்தைக் கைவிடச் செய்யும் சொல்லை நம்பிக்கையென்று எவ்வாறு கூறுவது? கைவந்த மருந்து, மனிதரிடத்துச் சோதிக்கப்படும் மருந்து, எலியளவில் நிற்கும் மருந்து என மூன்றையும் வினைமுற்றாலே வேறுபடுத்திக் காட்டத் தமிழுக்கு வலிமை உண்டு. எமது மாணவர்க்கு அறிவியற் செய்தி எழுதப் பயிற்றும்போது இதனையே முதலிற் பயிற்றுதல் வேண்டும்.

மாணவரும் யானும் அவ்விறுதிப் பந்தியைச் சேர்ந்து வாசித்தோம். பின் தந்தையாரின் வைத்தியரிடம் கேட்கும்படி அனுப்பினேன். வைத்தியம் தொடர்கின்றது. எனினும் துண்டுடன் வருவதற்கு எல்லாரிடத்தும் ஒரு தமிழாசிரியன் வீடு இராது என்பதைத் தலைப்பெழுதுவோர் நினைவிற் கொள்வாராக.