வாசல் இல்லாத வீடு

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் புதுமனை புகுந்தார். சென்னைக்குத் தெற்கே, பத்து வருஷத்துக்கு முன் வயலாக இருந்த இடத்தில், அறுநூறு குடும்பங்கள் வசிக்கக்கூடிய பெரிய அடுக்கு மாளிகை; அதில் ஏழாவது மாடி. அழைப்பிதழில் படம் போட்டு, "பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிஷம்" என்றும் அச்சிட்டிருந்தார்கள். அச்சில் வந்ததை நம்புவது நமது தொழிலுக்கே உரிய பலவீனம். ஆகவே நம்பிப் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம்.

இறங்கிய இடத்திலிருந்தே நண்பருடைய வீடு தெரிந்தது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணத்தைத்தான் பார்க்க முடியவில்லையே தவிர, பால்கனியில் உலர்ந்துகொண்டிருந்த எட்டு முழ வேஷ்டியை நன்றாகப் பார்க்க முடிந்தது. ஆனால் நமக்கும் அந்த வேஷ்டிக்கும் நடுவே பத்தடி உயரத்தில் மதில் ஒன்று நின்றது. மதிலைச் சுற்றிப் பிரதான வாசலை அடைய ஏறக்குறைய இரண்டு கிலோ மீட்டர். நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் லாரிகள். கணபதி ஹோமத்துக்குப் புறப்பட்ட நாம் கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

வாசற் காவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அதில் "வண்டி நம்பர்" என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "நடந்தா வந்தீங்க, சார்?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது மரியாதையா, பரிதாபமா என்று இன்னமும் நமக்கு விளங்கவில்லை.

சாப்பாடு ஆனதும் நண்பருடைய தாயார் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். மயிலாப்பூரில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர். அங்கே கோவில், குளம், காய்கறிக் கடை, தபாலாபீஸ், டாக்டர் வீடு எல்லாம் கால் நடைக்குள். இங்கே வந்த மூன்று வாரத்தில் ஒருமுறைதான் வெளியே போயிருக்கிறார்; அதுவும் பிள்ளைக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை. "கீழே போய்ப் பார்த்தீர்களா? இரண்டு அடுக்குக் கார்களுக்கென்றே கட்டி வைத்திருக்கிறார்கள். கார் வெயிலில் வாடக் கூடாதாம். எனக்குக் கோவிலுக்குப் போக ஒரு சின்ன வாசல் வைக்கத் தோன்றவில்லையே! நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறவராயிற்றே, இதையெல்லாம் எழுதக் கூடாதா?" என்றார்.

எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அதை இப்போது நிறைவேற்றுகிறோம்.

* * *

இதில் யார் பேரில் குற்றம்? வாங்கினவர் பேரில் இல்லை. சக்திக்கு ஏற்ற விலையில் கிடைத்த இடத்தில் அவர் வாங்கினார். கட்டினவர் பேரில் முழுவதும் சுமத்துவதும் நியாயமல்ல. அவர் விதி கேட்டதைச் செய்தார். விதி என்ன கேட்டது என்பதுதான் விஷயம்.

நம் ராஜ்யத்தில் 2019-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் என்று ஒரு தொகுப்பு அமுலுக்கு வந்தது. இத்தனை பரப்புள்ள வீட்டுக்கு, இத்தனை பரப்புள்ள ஆபீஸுக்கு, இத்தனை கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று அதில் அட்டவணை உண்டு. அந்த இடத்தைக் காட்டாவிட்டால் பிளானுக்கு அனுமதி இல்லை. ஆனால் குடியிருப்பவர் பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் குழந்தை எந்த வழியாகப் போகும் என்பதை அதே கண்டிப்புடன் யாரும் கேட்பதில்லை. கேட்ட பொருள் கிடைத்தது. கேட்காத பொருள் கிடைக்கவில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

காருக்கு இடம் என்பது அற்ப சொற்ப விஷயம் அல்ல. டெல்லி நகரின் 2021-க்கான மாஸ்டர் பிளானில் இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். ஒரு கார் நிற்கவும், வந்து திரும்பவும், திறந்தவெளியில் 23 சதுர மீட்டர் வேண்டும், தரைத் தளத்தில் கூரைக்குக் கீழே 28, நிலவறையில் 32. முப்பத்திரண்டு சதுர மீட்டர் என்றால் சுமார் 344 சதுர அடி. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அவ்வளவு இடத்தில் குழந்தை குட்டிகளுடன் குடித்தனம் செய்கின்றன! மண்ணைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அந்த அறையைக் கட்டும் செலவு வீட்டின் விலையிலே போய்ச் சேருகிறது. பஸ்ஸில் போகிறவரும் அதைக் கொடுக்கிறார். கொடுத்துவிட்ட பிறகு, காலியாகக் கிடக்கும் இடத்துக்கு ஒரு காரையும் வாங்கிவிடலாமே என்று தோன்றுவது மனித சுபாவம். இப்படியாக, காருக்காக இடம் என்று ஆரம்பித்த விதி, இடத்துக்காகக் கார் என்று முடிகிறது.

* * *

நம் முன்னோர்கள் ஊர் அமைத்த விதம் இதுவல்ல. மதுரையைப் பாருங்கள். நடுவே மீனாட்சி கோவில். அதைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் வீதிகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக. எந்த வீதியில் குடியிருந்தாலும் நடந்தே எங்கும் போகலாம். மயிலாப்பூர் மாட வீதிகளும் அப்படியே. திருவிழாவில் தேர் திரும்ப இடம் விட்டார்கள். மனிதன் நடக்கவும் இடம் விட்டார்கள்.

இந்த அருமையை ஒரு வெளிநாட்டார் நமக்கு முன்பே கண்டுகொண்டார். ஸ்காட்லாந்து தேசத்தவரான பேட்ரிக் கெட்டிஸ் 1915-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சுற்றி, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். அகலமான நேர் ரஸ்தாக்கள் போடுவதற்காக வீடுகளையும் தெருக்களையும் இடித்துத் தள்ளும் மோகத்தை அவர் கண்டித்தார். கைதேர்ந்த வைத்தியன் போல், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதளவு கத்தி வைத்தால் போதும் என்பது அவர் கட்சி. 1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. அந்தக் காலத்தில்தான் மாம்பலத்து நெடிய ஏரி தூர்ந்து தியாகராய நகர் உருவாயிற்று. ஊரின் ஓரத்தில் ரயில் பாதை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. வீடும் ரயிலும் ஒன்றையொன்று தேடி வந்தன.

பிறகு நாம் அந்த வழியை விட்டு விலகினோம். 1895 முதல் ஓடிய டிராம் வண்டி 1953-ல் நின்றது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அவற்றின் பின்னால் குடியிருப்புகள் எழுந்தன. அந்தச் சாலையையும் சேர்த்த மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு அஸ்திவாரம் நாட்டியது 2020 நவம்பரில். நடுவே கழிந்த இருபது வருஷமும் ஜனங்கள் எதில் போவார்கள்? கார் வாங்கினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், சாலையில் நின்றார்கள். கிளாம்பாக்கத்துப் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பிரமாதமான கட்டிடம்தான். பக்கத்திலேயே மின்சார ரயில் பாதையும் ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. பந்தி வைத்த பிறகு இலை வாங்க ஆள் அனுப்பிய கதைதான்!

* * *

மற்ற தேசங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? மூன்று ஊர்களை மட்டும் சொல்வோம்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1947-ஆம் ஆண்டு ஒரு திட்டம் தீட்டினார்கள். அதற்கு "விரல் திட்டம்" என்றே பெயர். பழைய நகரம் உள்ளங்கை. ரயில் பாதைகள் ஐந்து விரல்கள். வீடுகள் விரல்களின் மேல் வளர வேண்டும்; விரல்களுக்கு இடையே வயலும் தோப்பும் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தைக் கைவிடாமல் 2007-ல் சட்டபூர்வமாக இன்னும் இறுக்கினார்கள். 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஆபீஸ் கட்டிடங்களை ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டர் நடைக்குள் அமைப்பதே பொது விதி என்றார்கள்.

ஜெர்மனியில் பிரைபர்க் என்ற ஊர். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தார் 1992-ல் காலி செய்த பாசறை நிலத்தில் வோபான் என்ற புதிய பேட்டையை அமைத்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு பேர் வசிக்கும் இடம். பெரும்பாலான தெருக்களில் வீட்டு வாசலில் கார் நிறுத்துவதில்லை. கார் வேண்டுமென்பவர் பேட்டையின் ஓரத்திலுள்ள பொதுக் கொட்டகையில் தம் சொந்தப் பணத்தில் இடம் வாங்க வேண்டும். ஆனால் அந்த மாகாணத்துச் சட்டமும் நம்முடையதைப் போலவே, வீட்டுக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்றது. அவர்கள் என்ன யுக்தி செய்தார்கள் தெரியுமா? கார் இல்லாத குடும்பங்கள் ஒரு சங்கம் அமைத்து, பிற்காலத்தில் கொட்டகை கட்ட வேண்டி வந்தால் ஆகட்டும் என்று ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்தார்கள். சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, பணமும் மிச்சமாயிற்று. 2006-ல் டிராம் பாதையும் பேட்டைக்குள் வந்து சேர்ந்தது.

லண்டன் நகரம் 2004-ல் ஒரே ஒரு வார்த்தையை மாற்றியது. "இத்தனை கார் இடமாவது இருக்க வேண்டும்" என்றிருந்ததை, "இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது" என்று திருப்பியது. அதன் பிறகு எழுந்த கட்டிடங்களில் கார் இடங்கள் குறைந்தன. 2021-ல் வெளியான திட்டத்தில், ரயிலும் பஸ்ஸும் தாராளமாக உள்ள இடங்களில் கார் இல்லாத கட்டிடத்தையே ஆரம்பமாகக் கொள்ள வேண்டும் என்றார்கள். ஊனமுற்றோருக்கு மட்டும் இடம் தனியே உண்டு.

* * *

"இதெல்லாம் சீமையில் நடக்கும், நம் வெயிலுக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். வெயில் வாஸ்தவம்தான். ஆகையால்தான் வழி சுருக்கமாகவும் நிழலாகவும் இருக்க வேண்டும் என்கிறோம். இரண்டு கிலோ மீட்டர் சுற்று வழியை இருநூறு மீட்டர் குறுக்கு வழியாக்குவதற்குக் குளிர் தேசம் தேவையில்லை. மதிலில் ஒரு கதவு போதும்.

"உள்ளே இடம் இல்லாவிட்டால் காரைத் தெருவிலே நிறுத்துவார்களே!" என்பது இன்னொரு ஆட்சேபணை. இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. தெருவில் இலவசமாக நிறுத்த விட்டுவிட்டு உள்ளே மட்டும் குறைத்தால் அனர்த்தம்தான். தெருவில் நிறுத்துவதற்குக் கட்டணமும் வேண்டும். அதை வசூலிக்கும் நேர்மையும் வேண்டும். பஸ்ஸும் ரயிலும் வராத இடத்தில் கார் இடத்தை வெட்டுவது ஜனங்களைத் தண்டிப்பதாகும். அதையும் ஒப்புக்கொள்கிறோம். எது முன்னே, எது பின்னே என்ற வரிசை மாறாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நம் சர்க்காருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ல் வெளியான தேசீய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொல்லியிருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடை தூரத்துக்குள் நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்று 2017-ல் இன்னொரு தேசீயக் கொள்கை சொல்லியிருக்கிறது. கொள்கை ஏட்டில் இருக்கிறது. விதி பிளான் ஆபீஸில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டும்.

சென்னையின் திட்டப் பகுதியை 2022-ல் 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விஸ்தரித்தார்கள். இன்று வயலாகவும் ஏரிக் கரையாகவும் இருக்கும் எத்தனையோ இடங்கள் நாளை வீடுகளாகும். கட்டிய பின் மாற்றுவது கடினம். கட்டுமுன் மாற்றுவது ஒரு பேனாவின் வேலை. ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. பெரிய குடியிருப்புக்கு அனுமதி கேட்பவர், அங்கிருந்து பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடக்கும் வழியைப் பிளானில் வரைந்து காட்டட்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பூங்காவுக்கென்று பத்தில் ஒரு பங்கு நிலத்தை ஒப்படைக்கச் செய்யும் விதி ஏற்கனவே இருக்கிறது. அது போலவே, நீண்ட மதில்களின் நடுவே பொது ஜனங்கள் நடக்க ஒரு வழியும் கேட்கட்டும். ரயில் நிலையத்துக்கு அருகே கார் இடத்துக்குக் கீழ் வரம்பை எடுத்துவிட்டு மேல் வரம்பு வைக்கட்டும். கார் இடத்தின் விலையை வீட்டின் விலையிலிருந்து பிரித்து, வேண்டியவர் மட்டும் வாங்கும்படி செய்யட்டும்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. புது வீடு பார்க்கப் போகும்போது பூஜை அறை எந்தத் திக்கு, சமையலறை எந்தத் திக்கு என்றெல்லாம் கேட்கிறோம். பஸ் ஸ்டாப் எந்தத் திக்கு, அதற்கு வாசல் எங்கே என்றும் கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை அங்கே பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து பாருங்கள். வாங்குகிறவர் நூறு பேர் கேட்டால், கட்டுகிறவர் விதிக்குக் காத்திராமலே வாசல் வைப்பார்.

நமது நண்பரின் குடியிருப்பில் இப்போது ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது: பஸ் ஸ்டாப்புப் பக்கத்து மதிலில் மூன்றடி அகலத்தில் ஒரு கதவு வேண்டும் என்று. பாதுகாப்புக் குறையும் என்று சிலர் தயங்குகிறார்களாம். அதற்கும் ஒரு காவலரைப் போட்டால் ஆயிற்று என்று முதற் கையெழுத்துப் போட்டவர் நண்பருடைய தாயார்தான். கதவு திறக்கும் நாளில் நம்மைக் கட்டாயம் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்காவது முதற் பந்திக்குப் போய்ச் சேருவோம் என்று நம்புகிறோம்.