அறிதுயிலுக்கு அந்நியக் குரல் எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்கும் கோலத்துக்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: அறிதுயில். கண் மூடியிருந்தும் எல்லாம் அறிந்த உறக்கம். ஹிப்னாடிசத்துக்குக் கலைச்சொல் தேடியவர்கள் இதையே எடுத்துக்கொண்டார்கள். மேடை வித்தையை நினைவூட்டும் 'மனோவசிய'த்தைவிட இதுவே பொருத்தமான பெயர். அந்த நிலையில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. கவனம் ஒன்றில் குவிய, சுற்றியுள்ளவை பின்னுக்குப் போய்விடுகின்றன.

அந்த நிலைக்குத் தாமாகவே போக உதவும் ஒலிப்பதிவுகள் இன்று கைபேசியில் கொட்டிக் கிடக்கின்றன. ராஜபாளையத்து நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வத்திராயிருப்புக்குத் திரும்பி, ஊர் விழிக்கும் நேரத்தில் தூங்க வேண்டியவருக்கு அவை உதவலாம். பரீட்சைக்கு முந்தைய இரவு புரண்டு படுக்கும் மாணவிக்கும் உதவலாம்.

புதியவர்கள் சறுக்குவது இந்தப் பதிவுகளைக் கோப்பதில்தான். தூக்கத்துக்கு ஒன்று, பயம் போக ஒன்று, எடை குறைய ஒன்று என்று ஏழெட்டைச் சேர்த்து பிளேலிஸ்ட் போட்டு ஓடவிடுகிறார்கள். இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பு கொண்டவை: முதலில் உடலைத் தளர்த்துவது, பிறகு மனத்துக்கு ஒரு கருத்தைச் சொல்வது, கடைசியில் ஒன்று முதல் ஐந்துவரை எண்ணி எழுப்புவது. இரண்டு பதிவுகளை அப்படியே அடுக்கினால், முதலாவது எழுப்பிவிட்ட ஆளை இரண்டாவது மறுபடி படுக்கவைக்கும். நடுவில் விளம்பரம் அலறினால் அதுவும் போச்சு.

புதியவருக்கு மூன்று துண்டுகள் போதும். உடல் தளர ஐந்து நிமிடம், கருத்துக்கு மூன்று நிமிடம், எழ ஒரு நிமிடம். படுக்கப்போகும்போது கேட்பதென்றால் எழுப்பும் துண்டை எடுத்துவிட வேண்டும். பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு, மூன்றின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்து, மூன்றும் முடிந்தபின் தானாக வேறு பதிவுக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒரே நோக்கம். சில வாரங்கள் அதையே கேட்க வேண்டும்.

முதல் துண்டு யார் குரலிலும் இருக்கட்டும். நடுத்துண்டு கேட்பவரின் சொந்தக் குரலில், வீட்டில் பேசும் தமிழில் இருக்க வேண்டும். "பதறக் கூடாது" என்பதைவிட "என் மூச்சு நிதானமா போகுது" என்பது மேல். முன்னது பதற்றத்தையே நினைவூட்டும்.

சொந்தக் குரலே போதும் என்பதற்கு வலுவான சாட்சி கோவாவில் பிறந்தவர். கண்டோலிமில் 1756-இல் பிறந்து, சிறுவயதில் தந்தையுடன் லிஸ்பன் போன அபே ஃபரியா என்ற பாதிரியார், 1813-இல் பாரிஸில் மக்கள் முன் செயல்விளக்கம் நடத்தினார். ஆளை உறங்கவைப்பது மெஸ்மர் என்ற மருத்துவர் சொன்ன காந்தத் திரவம் என்று நம்பிய காலம் அது. திரவமும் இல்லை, தன்னிடம் சக்தியும் இல்லை, எல்லாம் உறங்குபவரின் மனத்திலேயே இருக்கிறது என்றார் ஃபரியா. அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் 'தெளிந்த உறக்கம்'. நம் அறிதுயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்! 1945-இல் வைத்த அவருடைய சிலை பணஜியில் இன்றும் கை நீட்டி நிற்கிறது. சக்தி கேட்பவரிடம் இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவரின் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவது வீண்.

முங்கேரில் பிகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்தரின் யோக நித்ரா என்ற தளர்வுப் பயிற்சியிலும் இதே அறிவு தெரிகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லும் சங்கல்பம் ஒரே ஒரு சிறு வாக்கியம். அதைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சி செய்பவர்தான்.

எல்லை தெரிந்து பயன்படுத்த வேண்டியது அறிதுயில். குடல் எரிச்சல் நோய் மருந்துக்குக் கட்டுப்படாதபோது ஹிப்னாடிச சிகிச்சையையும் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே 2008-இல் சொன்னது. ஆனால் அது பயிற்சி பெற்றவர் கையில் நடப்பது. வலிப்போ தீவிர மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பைக் ஓட்டும்போது காதில் மாட்டவே கூடாது. மனம் தாங்காத இரவுகளில் பிளேலிஸ்ட்டைத் தேட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.